இயந்திரம் இறக்கும், பை ஏற்றும்

சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்த இருவருக்கு ஒரே வாரத்தில் டயாலிசிஸ் தொடங்குகிறது. ஒருவர் கையில் ரத்தநாளங்களை இணைத்துப் பிஸ்துலா போட்டுக்கொண்டு வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் இயந்திரத்தில் படுக்கிறார். இன்னொருவர் வயிற்றில் மெல்லிய குழாய் வைத்துக்கொண்டு வீட்டிலேயே தினம் நான்கு பை டயாலிசிஸ் திரவம் மாற்றுகிறார். வயது, எடை, சாப்பாடு, போடும் இன்சுலின் எல்லாம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். சில வாரங்களிலேயே பாதை பிரிந்துவிடும். முதலாமவர் இன்சுலினைக் குறைத்துக்கொண்டே வந்தும், டயாலிசிஸ் முடிந்த இரவில் சட்டை நனைய வியர்த்து எழுவார். இரண்டாமவர் சோற்றைக் குறைத்துக்கொண்டே வந்தும், காலையில் விரலைக் குத்தினால் 280 காட்டும்.

இருவருக்கும் நாம் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: "சுகரைக் கட்டுப்பாட்டுல வெச்சுக்கோங்க." முதலாமவருக்கு அது கீழே விழாமல் தாங்கிப் பிடிக்கும் வேலை. இரண்டாமவருக்கு மேலே ஏறாமல் அழுத்திப் பிடிக்கும் வேலை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே சர்க்கரையைக் கணக்குப் போட்டுப் பழகிய நமக்கு, டயாலிசிஸ் திரவமும் சர்க்கரையை ஆட்டிவைக்கும் என்று சட்டென்று தோன்றுவதில்லை.

பிரியும் முன் இருவரும் ஒன்றாக வந்த தூரம் உண்டு. ரத்தத்தில் சுற்றும் இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு. ஊசி வழியாகப் போடும் இன்சுலினுக்கு அது இன்னும் பெரியது. அந்த உறுப்பு ஓய்ந்துவிட்டால், போட்ட இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கி வேலை செய்யும். பட்டினி நேரத்தில் கல்லீரலோடு சேர்ந்து குளுக்கோஸ் தயாரித்துக் கொடுத்ததும் சிறுநீரகம்தான். அந்தக் கையிருப்பும் போயிற்று. போதாக்குறைக்கு, யூரியா ஏறியதால் பசி செத்துப் போயிருக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் இன்சுலின் அளவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லும் மரபு இதிலிருந்து வந்தது. சிலருக்கு இன்சுலினே தேவையில்லாமல் போய்விடும். "இருபது வருஷ சுகர் தானா சரியாயிடுச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். சரியானது எதுவும் இல்லை. இன்சுலினை அகற்றும் வழி அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மாத்திரைகளிலும் இருவருக்கும் பொதுவான கதவடைப்பு நடந்திருக்கும். வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனதுமே மெட்ஃபார்மினை நிறுத்தியிருக்க வேண்டும். கிளிபென்கிளமைடு இந்தக் கட்டத்தில் ஆபத்தான மாத்திரை; அது சிதைந்து உண்டாகும் பொருள்களும் சர்க்கரையை இறக்கும், அவை வெளியேறவும் வழியில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சிறுநீரில் சர்க்கரையைத் தள்ளும் புதுவகை மாத்திரைகள், சிறுநீரே வராதவருக்குச் சர்க்கரையைக் குறைக்காது. அளவு மாற்றாமல் கொடுக்கக்கூடிய லினாகிளிப்டின், கவனத்தோடு கிளிபிசைடு, பிறகு இன்சுலின்: மிச்சமிருக்கும் பட்டியல் சின்னது.

இனி இயந்திரத்தைப் பார்ப்போம். ரத்தம் ஒரு பக்கம் ஓட, மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வேகத்தில் ஓடுகிறது. 4 மணி நேரத்தில் 120 லிட்டர். அந்தத் திரவத்தில் வழக்கமாக டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். 260 சர்க்கரையோடு வந்து படுப்பவரின் ரத்தம், 120 லிட்டர் நூறோடு நாலு மணி நேரம் உறவாடினால் நூறை நோக்கித்தான் இறங்கும். காலையில் போட்ட இன்சுலின் அதே நேரத்தில் உச்சத்தில் இருந்தால் நூறோடும் நிற்காது. குளுக்கோஸ் கலக்காத திரவமும் சந்தையில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் ஒரு தடவைக்கு 15 முதல் 30 கிராம் வரை சர்க்கரை உடம்பிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும். தங்கள் மையத்தில் எந்தத் திரவம் ஓடுகிறது என்று நோயாளிகள் கேட்பதில்லை. சர்க்கரை நோயாளிக்கு மருந்தின் பெயர் தெரிந்திருப்பதைவிட இது தெரிந்திருப்பது முக்கியம் என்பேன்.

நம் ஊர் மையங்களில் முதல் ஷிஃப்ட் நோயாளியை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, பழக்கப்படி இன்சுலினைப் போட்டுக்கொண்டு, "அங்க போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். பிஸ்துலாவில் ஊசி குத்தி இயந்திரத்தில் இணைத்து முடிக்கையில் ஏழரை ஆகியிருக்கும். படுத்தபடி சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குப் போய் பிரஷர் இறங்கும் என்பதால் சில மையங்களில் சாப்பிட விடமாட்டார்கள். டிபன் பாக்ஸ் கட்டிலுக்கு அடியில் இருக்கும், இன்சுலின் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டாவது மணி நேரத்தில் கொட்டாவி, வியர்வை, "ஒரு மாதிரியா இருக்கு சார்." டெக்னீஷியன் ஓடிவந்து பிரஷர் பார்ப்பார், கால்மாட்டை உயர்த்துவார், சலைன் விடுவார். இயந்திரம் உடம்பின் உபரித் தண்ணீரை எடுக்கும்போது பிரஷர் விழுந்தாலும் இதே கொட்டாவி, இதே வியர்வை. ஆகவே சர்க்கரை விழுந்தது கண்ணில் படாமல் போகிறது. படபடப்பை அடக்கும் வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் நெஞ்சு துடிப்பும் எச்சரிக்காது. பிரஷர் பட்டையைச் சுற்றும்போதே விரலையும் குத்திவிட வேண்டும். நல்ல டெக்னீஷியன்களுக்கு இது கை தானாகச் செய்யும் வேலை.

இறங்கிய சர்க்கரையை ஏற்றுவதிலும் ஒரு சிக்கல். வீட்டில் லோ சுகர் என்றதும் கை போவது இளநீருக்கும் ஆரஞ்சு ஜூஸுக்கும். இரண்டிலும் பொட்டாசியம் ஏராளம். சிறுநீரகம் ஓய்ந்தவருக்கு அது இதயத்தை நிறுத்தும் சரக்கு. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை, அது இல்லாவிட்டால் வெள்ளைச் சர்க்கரையை, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதே சரி. பிரிட்டனில் டயாலிசிஸ் தொடங்குமுன் சர்க்கரை 126க்குக் கீழே இருந்தால், மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்தை 20 முதல் 30 கிராம் கொடுத்துவிட்டு இணைக்கச் சொல்கிறார்கள். விழுந்த பிறகு தூக்குவதைவிட இது புத்திசாலித்தனம்.

இயந்திரத்திலிருந்து எழுந்ததும் கதை முடிவதில்லை. ஓட்டத்தில் குளுக்கோஸோடு இன்சுலினும் கொஞ்சம் கழுவப்படுகிறது, கொஞ்சம் சவ்விலேயே ஒட்டிக்கொள்கிறது. அதனால் அன்று மாலை சர்க்கரை ஏறுவதுண்டு. அதைப் பார்த்துப் பதறி இரவு இன்சுலினைக் கூட்டினால், பின்னிரவில் தடாலென்று இறங்கும். யூரியா குறைந்ததும் உடம்பு இன்சுலினுக்கு நன்றாக இணங்கத் தொடங்குவதும் ஒரு காரணம். டயாலிசிஸுக்கு முந்தைய நாளையும் மறுநாளையும் ஒப்பிட்டு அளந்த ஆய்வொன்றில், மறுநாளுக்கு அடிப்படை இன்சுலின் சுமார் கால் பங்கு குறைவாகவே தேவைப்பட்டது. ஆக, இயந்திர நோயாளிக்கு ஒரே இன்சுலின் சீட்டு பொருந்தாது. டயாலிசிஸ் உள்ள நாள், இல்லாத நாள் என்று இரண்டு கட்டம் போட்ட சீட்டு வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டுகள் அரிது. சர்க்கரை டாக்டரின் அறை ஒரு மாடியில், டயாலிசிஸ் யூனிட் வேறொரு மாடியில். இரண்டு நோட்டுகளும் ஒரே மேஜையில் திறக்கப்படுவதே இல்லை.

பை மாற்றுகிறவர் வீட்டுக்கு வருவோம். அங்கே திரவம் சர்க்கரையை வெளியே எடுப்பதில்லை. உள்ளே கொடுக்கிறது, அதுவும் வேண்டுமென்றே. வயிற்றறைச் சவ்வு வழியாக உடம்பிலுள்ள உபரித் தண்ணீரை இழுக்கும் விசை அந்தப் பையிலுள்ள சர்க்கரையேதான். அதிகம் புழங்கும் ஒரு தயாரிப்பில் பையின் இழுவளையம் மூன்று நிறத்தில் வருகிறது. 1.5 சதவீதச் சர்க்கரைக்கு மஞ்சள், 2.5க்குப் பச்சை, 4.25க்குச் சிவப்பு. நோயாளிகளும் "மஞ்சள்ல தண்ணி சரியா வரல, பச்சை போட்டேன்" என்றுதான் பேசிக்கொள்வார்கள். அந்த நிறங்களுக்குப் பின்னால் உள்ள கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2 லிட்டர் மஞ்சள் பையில் 30 கிராம் சர்க்கரை. பச்சையில் 50. சிவப்பில் 85. நாளொன்றுக்கு மூன்று மஞ்சள், ஒரு பச்சை என்றால் 140 கிராம். சராசரி வயிற்றுச் சவ்வு, உள்ளே விட்ட சர்க்கரையில் சுமார் 60 சதவீதத்தை 4 மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். இரவெல்லாம் கிடக்கும் பையிலிருந்து இன்னும் கூட. குறைத்துக் கணக்கிட்டாலும் 85 கிராம், அதாவது பதினேழு ஸ்பூன் சர்க்கரை, வாயில் ஒரு பருக்கை படாமலே ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. கலோரியில் பார்த்தால் முந்நூறுக்குக் கொஞ்சம் கீழே.

"சாப்பிடவே இல்லையே, அப்புறம் எப்படி 280?" என்று மனைவி கேட்பதும், அவர் ஒளித்துவைத்து ஏதோ தின்கிறார் என்று சந்தேகப்படுவதும், அவர் கோபித்துக்கொண்டு இரண்டு இட்லியை ஒன்றாக்கிக்கொள்வதும் பல வீடுகளில் நடப்பது. வயிற்றில் 2 லிட்டர் கிடப்பதால் அவருக்கு ஏற்கெனவே பசி கம்மி. போதாததற்கு இந்த டயாலிசிஸில் ஒவ்வொரு நாளும் வடியும் திரவத்தோடு 5 முதல் 10 கிராம் புரதம் போய்க்கொண்டிருக்கும். சர்க்கரையை இறக்க இட்லியையும் பருப்பையும் முட்டையையும் குறைத்தால் சதைதான் கரையும். பையிலிருந்து வரும் சர்க்கரை வந்துகொண்டே இருக்கும். இவரிடம் சாப்பாட்டைக் குறையுங்கள் என்று சொல்வது என் பார்வையில் கொஞ்சம் கொடுமையானதும்கூட. முதலில் குறைக்க வேண்டியது பச்சைப் பையை. அதற்கு உப்பைக் குறைக்க வேண்டும், குடிக்கும் தண்ணீரை அளக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றைத் தொடாமல் இருந்தால் தாகம் அடங்கும். தாகம் அடங்கினால் மஞ்சள் பையே போதும். பை வைத்திருப்பவரின் சர்க்கரைக்கு உப்பு இவ்வளவு நெருங்கிய சொந்தம்.

இந்தச் சங்கிலியைத் திருப்பிப் போட்டாலும் சுற்றும். ரத்தச் சர்க்கரை 300ஐத் தாண்டிவிட்டால், பைக்கும் ரத்தத்துக்கும் உள்ள சர்க்கரை வித்தியாசம் குறைகிறது. தண்ணீர் சரியாக இழுபடாது. கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்துப் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போவார். சிவப்பு 85 கிராமைக் கொண்டுவரும். சர்க்கரை இன்னும் ஏறும். சிவப்பை எடுப்பதற்கு முன் விரலைக் குத்திப் பார்த்து, 300 இருந்தால் முதலில் இன்சுலினைச் சரிசெய்வதுதான் இந்தச் சுழலை அறுக்கும் இடம்.

தாகம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இயந்திரத்துக்காரருக்கும் இது பொருந்தும். சிறுநீரகம் வேலை செய்யும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை 400 ஆனால் சிறுநீர் பெருக்கெடுக்கும், உடம்பு வறளும், சலைன் ஏற்றுவோம். சிறுநீர் வராதவருக்கு அந்த மடை கிடையாது. 400 ஆனால் தாகம் மட்டும் எடுக்கும், குடிப்பார், குடித்ததெல்லாம் உள்ளேயே நிற்கும். செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறி சோடியம் நீர்த்துப்போகும், பொட்டாசியம் ஏறும், நுரையீரலில் நீர் கோக்கும். இப்படி மூச்சு வாங்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருகிறவருக்கு, 'சுகர் 500, சலைன் போடு' என்று பழக்கத்தில் பாட்டிலை மாட்டினால் மூழ்கடித்துவிடுவோம். அவருக்குத் தேவை பெரும்பாலும் இன்சுலின் மட்டுமே. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் நாலு கிலோ ஏறி வருகிறவரைத் தண்ணீர் குடித்ததற்காகத் திட்டுவதற்கு முன் அவருடைய சர்க்கரை நோட்டைப் பார்ப்பது நியாயம்.

பைச் சர்க்கரைக்கு மாற்றுத் தேடியவர்கள் கண்ட வழி, ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் திரவம். நீண்ட நேரம் கிடக்கும் ஒரு பைக்கு மட்டும் அதைப் போட்டால் குளுக்கோஸ் இல்லாமலே தண்ணீர் இழுபடும். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அது உடம்பில் சிதையும்போது மால்டோஸ் உண்டாகிறது. சில குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகளில் உள்ள ஒரு வகை நொதி, மால்டோஸையும் குளுக்கோஸாக எண்ணிவிடும். உண்மையில் 60 இருக்கையில் மீட்டர் 200 காட்டும். அதை நம்பி இன்சுலின் போடுவார்கள். இந்த வகைத் தவறான அளவீட்டோடு தொடர்புடைய 13 மரணங்களைச் சொல்லி, 2009 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. திரவத்தை நிறுத்திய பிறகும் சில நாள்களுக்கு மால்டோஸ் தங்கியிருக்கும் என்பதால், வேறு காரணத்துக்காக வேறு மருத்துவமனையில் சேர்ந்தாலும் ஆபத்து கூடவே போகும். ஐகோடெக்ஸ்ட்ரின் போடுகிறவர் தம் மீட்டர் எந்த வகை என்று டயாலிசிஸ் நர்ஸிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும்; அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்வதும் நல்லது.

குளுக்கோஸைக் குறைப்பதே எப்போதும் நன்மை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2013இல் வெளிவந்த இம்பெண்டியா, ஈடன் என்ற இணை ஆய்வுகளில், வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் 251 சர்க்கரை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் குளுக்கோஸ் குறைந்த பைகளைக் கொடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஏ1சி குறைந்தது, கொழுப்பு அளவுகளும் சீரடைந்தன. ஆனால் அந்தப் பிரிவிலேயே கடும் பாதிப்புகளும் மரணங்களும் கூடுதலாக இருந்தன. உடம்பில் நீர் தேங்கியது அவற்றில் சிலவற்றுக்குக் காரணம். சர்க்கரை ரிப்போர்ட்டை அழகாக்கப் போய் தண்ணீரைக் கோட்டைவிடக் கூடாது. இன்சுலினைப் பையிலேயே கலந்து விடும் முறை ஒரு காலத்தில் பிரபலம். நேரே கல்லீரலுக்குப் போவதால் இயற்கைக்கு நெருக்கம் என்று சொன்னார்கள். பிளாஸ்டிக்கில் இன்சுலின் ஒட்டிக்கொள்வதால் அளவு எக்கச்சக்கமாகக் கூடியது, பையைக் குத்தும் ஒவ்வொரு தடவையும் கிருமி நுழைய வாய்ப்பு வந்தது. இன்று பெரும்பாலும் கைவிட்டாயிற்று.

சரி, இந்த இருவருக்கும் கட்டுப்பாடு எப்படி இருக்கிறது என்று அளப்பது எதை வைத்து? மூன்று மாதச் சராசரி என்று நாம் நம்பும் ஏ1சி, சிவப்பணு 120 நாள் வாழும் என்ற கணக்கில் நிற்பது. டயாலிசிஸில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைகிறது. ரத்தம் ஊற எரித்ரோபாய்ட்டின் ஊசி வேறு போடுகிறோம். சர்க்கரை ஒட்ட நேரமில்லாத இளம் அணுக்கள் கூடிவிடுவதால் ஏ1சி பொய்யாகக் குறைந்து நிற்கும். ரத்தம் ஏற்றினாலும் அப்படியே. "6.2 வந்திருக்கு, சூப்பர்" என்று பாராட்டப்படுகிறவரின் உண்மைச் சராசரி வேறாக இருக்கலாம். ஜப்பானியர்கள் இதற்காகவே சர்க்கரை ஒட்டிய ரத்தப் புரதமான கிளைக்கேட்டட் அல்புமினை எடுத்துக்கொண்டு, இயந்திர டயாலிசிஸ் நோயாளிக்கு 20 சதவீதத்துக்குக் கீழ், இதய நோயோ லோ சுகரோ வந்தவருக்கு 24க்குக் கீழ் என்று இலக்கு வைத்தார்கள். அதே சோதனை பைக்காரரிடம் வழுக்குகிறது. அவருடைய அல்புமின் திரவத்தோடு போய்ப் போய்ப் புதிதாக உண்டாவதால், இங்கேயும் எண் பொய்யாகக் குறையும். ஒருவருக்கு உதவும் அளவுகோல் இன்னொருவருக்கு உதவாமல் போகும் இந்த இடம் எனக்கு மிகவும் சுவாரசியமானது.

மிஞ்சுவது விரல் குத்துதான். இயந்திரத்துக்காரர் குத்த வேண்டியது படுக்குமுன், இரண்டாம் மணியில், எழுந்ததும், அன்று இரவு தூங்குமுன். பைக்காரருக்கு விடிகாலை மிக முக்கியம், இரவுப் பையின் வேலை அதில் தெரியும். பிறகு பச்சைப் பை உள்ளே போன இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை. கையில் ஒட்டும் 14 நாள் சென்சார் வாங்க வசதி இருப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் கோடாகவே தெரியும்.

இலக்கு எவ்வளவு என்பதில் இருவருக்கும் பேராசை கூடாது. அமெரிக்காவில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திர டயாலிசிஸ் சர்க்கரை நோயாளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவில், ஏ1சி 7க்கும் 8க்கும் இடைப்பட்டவர்களைவிட 10ஐத் தாண்டியவர்களிடம் மரணம் அதிகம். 6க்குக் கீழே போனவர்களிடமும் அதிகம். குறைந்த எண்ணில் ஒரு பகுதி, நல்ல கட்டுப்பாடாக இல்லாமல் மெலிவும் ரத்தசோகையுமாக இருந்திருக்கலாம். எப்படியானாலும், டயாலிசிஸில் இருக்கும் 68 வயதுக்காரருக்கு 6.5ஐ இலக்காக வைப்பவர் நோயாளியைப் பார்க்காமல் ரிப்போர்ட்டைப் பார்க்கிறார்.

தமிழ்நாட்டில் இயந்திரம்தான் பெருவழக்கு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மையங்களில் டயாலிசிஸ் செய்துகொள்ள முடிகிறது. பை வழி நெடுங்காலம் கைக்காசு உள்ளவர்களுடையதாகவே இருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு கிராமங்களிலும் அது நுழைகிறது. பையோடு வருகிற ஊழியர் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறவர் என்பது இந்த ஏற்பாட்டின் நல்ல பக்கம். எது சிறந்தது என்று கேட்டால், சர்க்கரையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பஸ் தூரம், இதயம் பலவீனமா, பிஸ்துலாவுக்கு ரத்தநாளம் இருக்கிறதா, கண் தெரிகிறதா, வீட்டில் பை மாற்றிவிட ஆள் உண்டா என்பவை முன்னால் நிற்கும். சர்க்கரை பின்னால் வந்து, தேர்ந்தெடுத்த வழிக்கேற்ற சீட்டைக் கேட்கும்.

அந்தச் சீட்டு மிகவும் தேவைப்படும் நேரம் ஒருவர் வழி மாறும்போது. பைக்காரருக்கு வயிற்றறையில் கிருமி தொற்றி, வடியும் திரவம் கலங்கலாக வருகிறது. அழற்சி வந்த சவ்வு சர்க்கரையை இன்னும் வேகமாக உறிஞ்சுவதால் அந்த நாள்களில் 350, 400 என்று ஏறி, இன்சுலினையும் ஏற்றியிருப்பார்கள். மருந்துக்குக் கட்டுப்படாமல் குழாயை எடுத்துவிட்டு இயந்திரத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரே நாளில் 85 கிராம் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது. தொற்று அடங்க அடங்க இன்சுலின் தேவையும் இறங்கும். புதிதாக 120 லிட்டர் நூறும் வந்து சேர்கிறது. பழைய இன்சுலின் அளவை அப்படியே தொடர்ந்தால் முதல் இரண்டு டயாலிசிஸுக்குள் அவர் நினைவிழந்து விழக்கூடும். குழாயை எடுக்கும் நாளிலேயே இன்சுலினை வெட்ட வேண்டும். எவ்வளவு என்று அன்றைய விரல் குத்துகளை வைத்துச் சர்க்கரை டாக்டரும் சிறுநீரக டாக்டரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் குழாய் எடுத்த தேதிக்குப் பக்கத்திலேயே புதிய இன்சுலின் அளவும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரர்கள் ஆட்டோ கூப்பிட வேண்டும்.